விங்கா அனுப்பாத ஆள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. போர், நாடு, தியாகம் என்று பின்னால் சில பெரிய சொற்கள் வரும். அவற்றைப் பார்த்து என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதீர்கள்.

சென்ற மாதம் மீன் சந்தையில் நானும் என் கணவன் லோவ்ரேயும் நெத்திலிக் கடை முன்னால் நின்றிருந்தோம். அவனுடைய முதல் மனைவி விங்கா எதிரில் வந்தாள். ஊர் சின்னது. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவள் எதிரில் வந்துகொண்டுதான் இருக்கிறாள். தலையசைப்போம், காற்றைப் பற்றி ஏதாவது சொல்வோம், பிரிந்துபோவோம். அன்று அவள் அவனைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கமாகப் போய் நின்று, "லோவ்ரே, இங்க வாங்காத. நேத்துப் பிடிச்ச மீன்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

லோவ்ரேயின் இடது காது சரியாகக் கேட்காது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் நான் இன்னும் இடப்பக்கம் நின்றே பேசுகிறேன். அவன் "என்ன?" என்கிறான், மறுபடி சொல்கிறேன். அவளோ யோசிக்கக்கூட இல்லை. அவள் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போயின.

வீட்டுக்கு வந்து நெத்திலியைப் பொரித்துவிட்டு [வேறு கடையில் வாங்கியது, அவள் சொன்னது சரிதான்] எழுத உட்கார்ந்தேன். நான் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறவள், இரண்டு நாவல்கள் எழுதியிருப்பவள். ஒருத்தியைப் பழிவாங்க எனக்குத் தெரிந்த வழி அவளைப் பாத்திரமாக்குவதுதான்.

2

முதல் தொடக்கம்:

"விங்கா குட்டையான, முகம் கடுத்த பெண். அவளுடைய —"

நிறுத்திவிட்டேன். அவள் என்னைவிட உயரம். முகமும் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்:

"போர் நடந்த அந்த வருடங்களில் யார் கடலுக்குப் போவது, யார் கரையில் இருப்பது என்பதை ஒரு பெண்ணின் கை முடிவு செய்தது. அந்த அதிகாரம் மெல்ல மெல்ல அவள் தலைக்கு ஏறி —"

ஏறவில்லை. ஊரில் அவளைப் பிடிக்காதவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "அவளுக்கு அப்ப தலை சீவக்கூட நேரமில்லையே, தலைக்கு எங்க ஏறும்?" என்றார்கள்.

மூன்றாம் தொடக்கம்:

"தொண்ணூற்றொன்றாம் வருட இலையுதிர்காலத்தில் எங்கள் நாட்டுக்குக் கடற்படை இருக்கிறது என்று வானொலி அறிவித்தது. கப்பல் இருக்கிறதா என்று அறிவிக்கவில்லை."

இது நிற்கிறது. இதில் விங்கா இல்லாததால் நிற்கிறதோ என்னவோ. இதிலிருந்து போவோம்.

3

கப்பல்கள் எல்லாம் நாங்கள் பிரிந்துவந்த பழைய கூட்டுநாட்டின் கடற்படையிடம் இருந்தன. அவை தீவுகளுக்கு வெளியே நின்றுகொண்டு எங்கள் துறைமுகங்களின் வாயை அடைத்திருந்தன. எங்கள் பக்கம் இருந்தவை: கைப்பற்றிய சில ரோந்துப் படகுகள், சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் மரப்படகுகள், சூரை மீன் படகுகள், ஒரு பயணிகள் படகு. எங்கள் ஊர்ப் பிரிவின் ஆளெடுப்பு அலுவலகம் மூடிக்கிடந்த ஒரு ஓட்டலின் வரவேற்பறையில் இயங்கியது. பின்னால் பலகையில் அறைச் சாவிகள் அப்படியே தொங்கின. விங்கா அதற்கு முன் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் மாலுமிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். அதனால் கூப்பிட்டார்கள். போனாள்.

அவளுக்கு மேலே இருந்தவர் கமாண்டர் பார்பிச். பழைய கடற்படையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சவரக்கத்தி மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர். ஊரில் பாதிப்பேர் அவரைத் துரோகி என்றார்கள். மீதிப்பேர் தாமதமாக வந்தவர் என்றார்கள்.

(கட்டுரை எழுதும் கை குறுக்கிடுகிறது, மன்னியுங்கள். பெரிய நாட்டின் கடற்படையில் பொறாமைக்கு இடம் தாராளம். ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் வேறு பெருங்கடலுக்கு மாற்றிவிடலாம். சின்ன நாட்டில் எல்லோரும் ஒரே மாடிப்படியில் முட்டிக்கொள்ள வேண்டும். பழைய கடற்படையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தெரியும், பெயர் கெட்டிருந்தது. தொண்டர்களுக்குப் பெயர் சுத்தம், வேலை தெரியாது. இவர்களுக்கு அவர்கள் மேல் பொறாமை, அவர்களுக்கு இவர்கள் மேல். காப்பி குடிக்கும்போதுகூடத் தனித்தனியாக நிற்பார்கள். விங்கா ஒவ்வொரு படகிலும் இரண்டு வகையையும் கலந்து போட்டாள். "ஒருத்தன ஒருத்தன் முறைச்சிக்கிட்டே இருப்பான். ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது. காவல் நல்லா நடக்கும்" என்றாளாம்.)

ஒருநாள் கேப்டன் நிக்ஷா வந்து விங்காவின் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தீவுக்கும் கரைக்கும் பயணிகள் படகு ஓட்டிய பாஷ்கோவின் கீழே அவரைப் போட்டிருந்தாள்.

"நான் ஜப்பான் வரைக்கும் எண்ணெய்க் கப்பல் ஓட்டினவன். இந்தப் பாஷ்கோ ஆட்டையும் சுற்றுலா வந்த ஜெர்மன்காரனையும் ஏத்தி இறக்கினவன். அவனுக்குக் கீழ நானா?"

"நாம என்ன ஜப்பானுக்கா போறோம், கேப்டன்? தீவுக்குத்தான். அந்தப் பாறையெல்லாம் அவருக்குத்தான் பழக்கம்."

"அவனுக்கு அதிகாரித் தொப்பி குடுத்திருக்கே!"

"அவர் தலை சின்னது. உங்க தலைக்கு ஏத்த தொப்பி இன்னும் வரல."

நிக்ஷா அவளை முறைத்தார். பிறகு அந்த ஓட்டலே அதிரும்படி சிரித்துவிட்டு, பாஷ்கோவின் படகுக்கே போனார்.

[இந்தக் காட்சியை எழுதும்போது எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.]

4

பாஷ்கோவின் படகுக்கு லெபிச் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்துத் தென்மேற்குக் காற்றின் பெயர். கைப்பற்றிய படகு, அதன் இயந்திரம் யாருக்கும் அடங்காது. ஊரில் அதைக் கொஞ்சிக் கெஞ்சி ஓடவைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் கப்பல் கட்டும் தளத்தில் ஒன்றாக வேலை பழகியவர்கள். ஒருவன் யெரோலிம். இன்னொருவன் லோவ்ரே. அப்போது அவன் விங்காவின் கணவன்.

யெரோலிம் லெபிச்சில் போனான். லோவ்ரே கரைப் பட்டறையில் இருந்தான். தீவுக்கு மாவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு லெபிச் போகும், திரும்பும், மறுபடி போகும். ஒவ்வொரு முறையும் யெரோலிம்தான்.

அவன் மனைவி மாரே தேவாலயத்துக்குப் பின்னால் நூலும் பொத்தானும் விற்கும் கடை வைத்திருந்தாள். ஒரு காலை அவள் ஓட்டலுக்கு வந்தாள். வரவேற்பறை நிறைய ஆட்கள்.

"ஏ விங்கா! உம்புருஷன் என்ன சர்க்கரையில செஞ்சவனா? தண்ணி பட்டா கரைஞ்சிடுவானா?"

"பட்டறையிலயும் ஆள் வேணும், மாரே."

"வேணும்தான். அதுக்கு என் ஆளு ஆகமாட்டானா? ஸ்பானர் பிடிக்கிற கை அவனுக்கு இல்லையா? இல்ல, ராத்திரி பக்கத்துல படுக்கிறதுக்கு ஆள் வேணும்ங்கிறது உனக்கு மட்டும்தானா?"

யாரோ சிரித்தார்கள். விங்கா பதில் சொல்லவில்லை. இதை எனக்குச் சொன்ன ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். ஆனால் சர்க்கரை என்ற சொல்லையும் விங்காவின் மௌனத்தையும் யாரும் மாற்றவில்லை.

நவம்பரில், நல்ல பகல் வெளிச்சத்தில், தீவிலிருந்து திரும்பிவந்த லெபிச் எங்கள் துறைமுகக் கால்வாயின் வாயருகே கண்ணிவெடியில் மோதியது. கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். மேல்தளத்தில் இருந்தவர்களை ஒரு மீன்படகு தூக்கியெடுத்தது. பாஷ்கோ பிழைத்தார், நிக்ஷா பிழைத்தார். யெரோலிம் கீழே இயந்திரத்தோடு இருந்தான்.

அடுத்த வசந்தத்தில் லோவ்ரே விங்காவை விட்டுப் பிரிந்து வந்துவிட்டான். சில வருடம் கழித்து ஸ்ப்ளித் நகரத்தில் ஒரு புத்தகக் கடையில் என்னைச் சந்தித்தான். ஏன் பிரிந்தாய் என்று கேட்டதற்கு, "அவ நல்லவ. அதக் கேக்காத" என்றான். நான் கேட்கவில்லை. நல்லவள் என்ற சொல்லை மட்டும் இத்தனை காலம் மென்றுகொண்டிருந்தேன்.

இங்கே கதை நின்றுபோனது. லோவ்ரே ஏன் படகில் இல்லை?

"விங்கா தன் கணவனை ஒளித்துவைத்தாள், ஏனெனில் —" இப்படி எழுதினால் அவள் அவனை அவ்வளவு காதலித்தாள் என்றாகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

"லோவ்ரே பயந்தான். அவள் அதை மறைத்து —" இது அதைவிட மோசம். அவன் என் கணவன்.

"மாரே அவமானப்படுத்தியதற்குப் பழியாக விங்கா யெரோலிமையே மறுபடி மறுபடி —" இதை எழுதியபோது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே சந்தேகமாகவும் இருந்தது.

வேறு வழியில்லை. மலையேறிப்போய் என் பாத்திரத்தின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

5

விங்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"வா, எழுத்துக்காரம்மா. ஊர் முழுக்க என்னப் பத்தி விசாரிக்கிறியாமே. என்ன விட்டுட்டு எல்லாரையும் கேட்டுட்டே."

"உங்களக் கேக்கத்தான் வந்தேன்."

"உக்காரு. சும்மா உக்காராத, அந்தப் பக்கம் இருக்கிற கீரைக்கட்டை எடுத்து ஆஞ்சு போடு."

ஆய்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், தொப்பி விஷயம் உண்மையா என்று கேட்டேன். உண்மைதான் என்றாள். பிறகு அவளே, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"லோவ்ரே போறேன்னுதான் சொன்னான். மூணு தடவ கேட்டான். சண்டை போட்டான், கெஞ்சினான். நான்தான் விடல."

"பார்பிச் கேக்கலையா?"

"கேட்டாரு. 'ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போகலாமே, விங்கா'ன்னாரு. 'லோவ்ரேக்கு ஒரு காது கேக்காது கமாண்டர், கீழ எஞ்சின்கிட்ட இருந்தா மேல சொல்ற உத்தரவு கேக்காது'ன்னேன். அவரு நம்பினாரு."

"பொய்யா அது?"

"கேக்காதுதான். ஆனா எஞ்சின்காரன் எவனுக்குக் காது நல்லா இருக்கு? யெரோலிமுக்கு ரெண்டும் போயிருந்துச்சு." கீரைத் தண்டை ஒடித்துத் தட்டில் போட்டாள். "அது எனக்குத் தெரியும். சொல்லல."

நான் அடுத்த தண்டை எடுத்தேன்.

"மத்தவங்க எல்லாருக்கும் நியாயமாத்தான் செஞ்சேன். எங்கண்ணன் மகன் அழுதான், அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு முழு ஆட்டையே கொண்டுவந்து குடுத்தான் மகனுக்காக. ஆட்டையும் திருப்பி அனுப்பினேன், மகனையும் அனுப்பினேன். ஒரே ஒருத்தன் விஷயத்துல மட்டும் என் கை எழுதமாட்டேன்னுடுச்சு."

"யெரோலிம் எதுவும் கேக்கலையா?"

"இல்ல. 'சரி, போறேன். மாரே கேட்டா நானா கேட்டுப் போறேன்னு சொல்லிடு'ன்னான். அவ்வளவுதான் கேட்டான்."

"சொன்னீங்களா?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் அவ கடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். அடிப்பான்னு நினைச்சேன். அவ பொத்தான் டப்பாவை மூடிட்டு, 'அந்த மேசையில நான் உக்காந்திருந்தா உம்புருஷனத்தான் அனுப்பியிருப்பேன். போ'ன்னா. வெளிய வந்தேன். அதே தெருவுலதான் இன்னும் குடியிருக்கோம்."

"லோவ்ரேகிட்ட?"

"அன்னிக்கே சொன்னேன். அவன் கத்தல. வசந்தம் வரைக்கும் ஒரே மேசையில சாப்பிட்டோம், அப்பறம் போயிட்டான். அவனோட முறையத் திருடி இன்னொருத்தன் கையில குடுத்தேன். செத்தது அந்த இன்னொருத்தன். எந்த ஆம்பளை அதுக்கப்பறம் என் முகத்தைப் பார்ப்பான்? நியாயம்தான்."

"வேலைய விட்டுட்டீங்களா?"

"விடறேன்னேன். 'வேற யாரு இருக்கா?'ன்னாரு பார்பிச். போர் முடியற வரைக்கும் உக்காந்து அனுப்பிக்கிட்டே இருந்தேன்."

நான் எழுந்தபோது ஆய்ந்த கீரையில் பாதியை ஒரு பையில் போட்டு நீட்டினாள். "ரொம்ப வேகவிடாத. அவனுக்குக் குழைஞ்சா பிடிக்காது" என்றவள், சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சிருக்கும் உனக்கு" என்றாள்.

தெரியாது. நான் குழைய வேகவைத்ததைத்தான் அவன் எப்போதும் சாப்பிட்டிருக்கிறான்.

6

மலையிறங்கி வீட்டுக்கு வரும்போது எனக்கு வந்த கோபம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். அவள் செய்தது குற்றம். அந்தக் குற்றத்தின் பலன் என் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறது. அவள் நேர்மையாக இருந்திருந்தால் எனக்குக் கணவன் இல்லை. அவனுக்காக ஒரு பெண் தன் மானத்தையும் இன்னொருவன் உயிரையும் பணயம் வைத்திருக்கிறாள். நான் அவனுக்காக என்ன செய்திருக்கிறேன்? நெத்திலி பொரித்திருக்கிறேன். இப்படி ஒரு பாவம் செய்ய அவளுக்கு ஒரு மேசை கிடைத்தது என்பதற்காகக்கூட நான் பொறாமைப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

சரி, கதைக்கு முடிவு வேண்டும். எழுதிப் பார்த்தவை:

நேர்மையான முடிவு. விங்கா கண்ணீரோடு, ஆனால் கை நடுங்காமல், லோவ்ரேயை அனுப்புகிறாள். "அவன் இயந்திர அறையின் ஏணியில் இறங்கினான். லெபிச் கால்வாயின் வாயை நெருங்கியது. அப்போது லோவ்ரே —"

இந்த வாக்கியத்தை முடிக்க ஒரு வாரம் முயன்றேன். அவன் அடுத்த அறையில் இருமினான். காகிதத்தைக் கிழித்தேன். ஆக, அந்த மேசையில் உட்கார்ந்தால் நானும் அனுப்பமாட்டேன். இது எனக்குத் தெரிய வேண்டியதில்லை, தெரிந்துவிட்டது.

இனிப்பான முடிவு. கண்ணிவெடி வெடிக்கவில்லை. இருவரும் கிழவர்களாகித் துறைமுகத்தில் சீட்டாடுகிறார்கள். இதை மாரே படிப்பாள். எழுதமாட்டேன்.

நடந்தபடியே எழுதுவது. ஐந்தாம் பகுதியோடு நிறுத்தலாம் என்று இருந்தேன். மேலே இருக்கும் பக்கங்களை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். [லோவ்ரே என் நாவல்களைப் படித்ததில்லை. அவற்றில் இயந்திரம் எதுவும் இல்லை என்பான்.]

இதைப் படித்தான்.

7

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினான்.

"மூணு தடவ கேட்டேன்னு சொன்னாளா?"

"ஆமா. சண்டை போட்டியாம், கெஞ்சினியாம்."

"மொத தடவ சண்டை போட்டேன், நெஜம். ரெண்டாவது தடவ கெஞ்சினேன், அதுவும் நெஜம்." கண்ணாடியை மடித்தான், பிரித்தான். "மூணாவது தடவ மெதுவாக் கேட்டேன், பெரினா."

"மெதுவான்னா?"

"அதுக்கு முந்தின நாளு யெரோலிம் வந்து, தண்ணிக்குள்ள எதுவோ மிதக்கறதப் பார்த்தோம்னு சொன்னான். அப்பறம் கேட்டேன். கதவப் பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டு, உதட்டுக்குள்ளயே. கேட்டேன்னும் இருக்கணும், அவ காதுல விழவும் கூடாது. அவ 'முடியாது லோவ்ரே'ன்னா. எனக்கு..." அவன் கையை மார்பில் வைத்தான். "எனக்கு இங்க லேசாயிடுச்சு. நாலாவது தடவ கேக்கல. அடுத்த பயணத்துலதான் யெரோலிம் செத்தான்."

தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"அவ அன்னிக்கு வந்து, எல்லாம் என் தப்புன்னு சொன்னா. நான் பேசாம இருந்தேன். சுமக்கட்டும்னு விட்டுட்டேன், பெரினா. அப்பறம் தினமும் சாப்பாட்டு மேசையில அவ மூஞ்சியப் பார்த்து, இவளுக்கு அந்த மூணாவது தடவ புரிஞ்சுதா, புரிஞ்சும் எனக்காக மறைக்கிறாளான்னு... அத தாங்க முடியாமத்தான் போனேன். யெரோலிமுக்காகப் போனேன்னு ஊரு நினைக்குது. அவளும் அதையேதான் நினைக்கிறா போல."

"அவகிட்ட சொல்லலாமே. இப்பவாவது."

"என்னால முடியாது."

"நான் எழுதட்டுமா?"

வெகுநேரம் பக்கங்களைச் சரியாக அடுக்கினான். "எழுதிக்கோ. அவளுக்குத் தெரியணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு" என்றான்.

இதுதான் நிலைமை. லோவ்ரேயைப் பற்றி விங்காவுக்குத் தெரியாத ஒன்று முதல்முறையாக என்னிடம் இருக்கிறது. எனக்கு மட்டும் சொன்னான். அவளிடம் ஒரே மேசையில் ஒரு பனிக்காலம் முழுவதும் சொல்லாததை என்னிடம் சொன்னான். அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தால் அவள் முதுகிலிருந்து பாதிப் பாரம் இறங்கும். பாதியாவது அவனுடையது என்று அவளுக்குத் தெரியும். மாரேயின் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாள். ஆனால் அப்புறம் எனக்கென்று என்ன மிஞ்சும்?

[இந்த ஏழாம் பகுதியை வெட்டிவிட்டு ஆறோடு கதையை முடிக்கலாம். வெட்டிப் பார்த்தேன். நன்றாகவே முடிகிறது. யாரும் எதையும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.]

[திரும்ப ஒட்டினேன்.]

[மறுபடி வெட்டி —]

நீங்கள் இந்த வரியைப் படிக்கிறீர்கள் என்றால் நான் கடைசியில் வெட்டவில்லை. அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். மலையேறிப்போய் அவள் கதவைத் தட்டி இதை நீட்டும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. நல்லவள் என்ற பட்டம் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டது. உங்களில் யாராவது எங்கள் ஊர்ப் பக்கம் போனால், தேவாலயத்துக்குப் பின்னால் ஏறும் தெருவில் கேளுங்கள், யாரானாலும் அவள் வீட்டைக் காட்டுவார்கள். இந்தப் பக்கங்களைக் கொடுப்பதா, பையிலேயே வைத்துக்கொண்டு திரும்புவதா என்பதை அங்கே நின்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொடுத்துவிட்டால், படிக்கும்போது அவள் முகம் எப்படி மாறியது என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.